நாலு எழுத்து, ஆறு சொல்

செட்டிநாட்டில் ஒருவருடைய பெயரைச் சொன்னால் அதற்கு முன்னால் விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் சுருக்கம், வந்துவிடும். ஒருவரை ராம.லெ. என்பார்கள், இன்னொருவரை லெ.ராம. என்பார்கள். வெளியூர்க்காரர் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். எங்கள் பக்கத்தில் யாரும் மயங்க மாட்டார்கள். முதலில் வருவது ஐயாவின் (அப்பாவைப் பெற்றவரின்) பெயர், அடுத்தது அப்பச்சியின் (அப்பாவின்) பெயர். தலைப்பிள்ளைக்கு ஐயா பெயரை வைப்பது வழக்கம் என்பதால் இதில் ஓர் அழகு உண்டு. ராமநாதன் மகன் லெட்சுமணன், அவர் மகன் மறுபடியும் ராமநாதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரன் ராம.லெ.ராமநாதன் ஆவார். அவருக்குப் பிறக்கும் தலைப்பிள்ளை லெ.ராம.லெட்சுமணன். விலாசத்தில் இருப்பவை அதே இரண்டுதான். தலைமுறைக்குத் தலைமுறை அவை இடம் மாறி உட்காருகின்றன, இடம் மாறியதும் ஆளே மாறிவிடுகிறார்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். எழுத்துக்கூட்டத் தொடங்கும் பிள்ளைகளிடம் இந்த விலாசத்தைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். ஒரே எழுத்துகளை எடுத்துக்கொண்டு, இடத்தை மட்டும் மாற்றி, வெவ்வேறு சொற்களைச் செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். இருக்கிற எழுத்து அத்தனையையும் பயன்படுத்தி வேறொரு சொல் செய்தால் அதற்கு அனகிராம் என்று பெயர். ஒன்றிரண்டை விட்டுவிட்டு மிச்ச எழுத்துகளில் சின்னச் சொல் செய்வதும் இதே குடும்பம்தான்.

தொடங்கும் முன் ஒரு சிறு ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதும்போது சில குழப்பங்கள் வரும். இந்தக் கட்டுரையில் ‘டி’ என்று வரும் இடமெல்லாம் டீக்கடை டீயின் முதல் எழுத்து. ‘பி’ என்பது பென்சிலின் முதல் எழுத்து. ‘ஏ’ ஆங்கில அரிச்சுவடியின் முதல் எழுத்து, ‘ஈ’ ஐந்தாவது, ‘ஐ’ ஒன்பதாவது. பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, நான் சொல்லும் சொற்களை ஆங்கிலத்திலேயே எழுதிப் பார்த்தபடி படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

எங்கள் ஊர் வீட்டு முகப்பில் நிற்கும் தூண்களிலிருந்து தொடங்குவோம். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு. தேக்குக்கு ஆங்கிலத்தில் டீக்: டி-ஈ-ஏ-கே. நாலே எழுத்து. இந்த நாலையும் இடம் மாற்றி டி-ஏ-கே-ஈ என்று வைத்தால் டேக், ‘எடுத்துக்கொள்’. கே-யை ஒதுக்கிவிட்டு டி-ஈ-ஏ என்று வைத்தால் டீ. அதே மூன்றை ஈ-ஏ-டி என்று வைத்தால் ஈட், ‘சாப்பிடு’. ஏ-டி-ஈ என்று வைத்தால் ஏட், ‘சாப்பிட்டான்’. ஏ-டி என்று இரண்டு மட்டும் நின்றால் அட், ஓரிடத்தில் என்று காட்டும் சொல். ஒரு தேக்கு மரத்துக்குள் ஆறு சொற்கள்.

இந்த ஆறில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். பிள்ளைகள் ஸ்பெல்லிங் என்றாலே பயப்படுவதற்கும், அந்தப் பயம் போவதற்கும் உள்ள வழி இங்கேதான் இருக்கிறது. டீக், டீ, ஈட் மூன்றையும் எழுதிப் பாருங்கள். மூன்றிலும் ஈ-யும் ஏ-யும் ஒட்டி நிற்கின்றன. ஒட்டி நின்றால் இந்தச் சொற்களில் அவை சேர்ந்து ‘ஈ’ என்று ஒரே குரலாக ஒலிக்கின்றன. இப்போது டேக், ஏட் இரண்டையும் பாருங்கள். அங்கே ஏ-க்கும் ஈ-க்கும் நடுவில் இன்னோர் எழுத்து புகுந்துவிட்டது. ஈ கடைசிக்குப் போய்விட்டது. கடைசியில் உட்கார்ந்த ஈ வாய் திறப்பதில்லை, ஆனால் முன்னால் இருக்கும் ஏ-யை ‘ஏ’ என்று அதன் பெயரிலேயே ஒலிக்க வைக்கிறது. அந்தக் கடைசி ஈ-யை எடுத்துவிட்டால் ஏட் உடனே அட் ஆகிவிடும். ஒரே எழுத்துகள், இரண்டு விதி, ஆறு சொல். பத்துப் பக்கம் ஸ்பெல்லிங் எழுத வைத்தும் பதியாத விஷயம் நாலு அட்டைத் துண்டை நகர்த்தும்போது பதிவதை வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். டேக் என்பதைக் காதில் விழுந்தபடி டி-ஈ-கே என்று எழுதும் பிள்ளை, இந்தத் துண்டுகளை நகர்த்திப் பார்த்த பிறகு கடைசி ஈ-யைத் தானே தேடி எடுக்கும்.

இதற்கு ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டித்தான் செய்துகொள்கிறேன். எங்கள் பக்கத்துப் பத்திரிகை அட்டை நல்ல கனம், பின்பக்கம் வெறுமையாக இருக்கும். சதுரமாக வெட்டி, ஒரு துண்டுக்கு ஓர் எழுத்து எழுதி, ஒரு சின்னக் கொட்டானில் (ஓலைக் கூடையில்) போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்து, கொஞ்சம் கணக்கு. நாலு எழுத்தை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? முதல் இடத்துக்கு நாலில் எதையும் வைக்கலாம். ஒன்று போனதும் அடுத்த இடத்துக்கு மூன்று மிச்சம். அதற்கடுத்து இரண்டு, கடைசியில் ஒன்று. 4 × 3 × 2 × 1 = 24. மூன்று எழுத்து என்றால் 6, ஐந்து என்றால் 120, ஏழு என்றால் 5,040. எழுத்து ஒவ்வொன்றாகக் கூடக் கூட எண்ணிக்கை தாவித் தாவி ஏறும். டீக்கின் நாலு எழுத்தில் இரண்டெழுத்து வரிசைகள் 12, மூன்றெழுத்து வரிசைகள் 24, நாலெழுத்து வரிசைகள் 24, ஆக மொத்தம் 60. அதில் அன்றாடம் புழங்கும் சொற்களாக நாம் எடுத்தவை ஆறுதான். மிச்சம் பெரும்பாலும் வெறும் எழுத்துக் கூட்டம்.

அப்படியானால் எந்த வரிசை சொல்லாகும், எது ஆகாது? அதைப் பார்க்க இன்னொரு நாலெழுத்தைச் சொல்கிறேன். எனக்கு ஆங்கிலத்தில் மிகப் பிடித்த நாலெழுத்து இதுதான். பஸ் ஸ்டாப் என்கிறோமே, அந்த ஸ்டாப்: எஸ்-டி-ஓ-பி. இதை மாற்றி மாற்றி வைத்தால் ஸ்பாட், போஸ்ட், டாப்ஸ், பாட்ஸ் எல்லாம் வரும். எஸ்-பி-ஓ-டி ஸ்பாட். பி-ஓ-எஸ்-டி போஸ்ட். டி-ஓ-பி-எஸ் டாப்ஸ். பி-ஓ-டி-எஸ் பாட்ஸ், அதாவது பானைகள். ஓ-பி-டி-எஸ் என்பது ஆப்ட்ஸ், ‘தேர்ந்தெடுக்கிறான்’. ஸ்டாப்பையும் சேர்த்தால் ஆறு. கடைசி ஒன்றைத் தவிர மற்றவை பெரும்பாலும் ஆங்கிலம் படிக்காதவர் வாயிலும் புழங்குகிற சொற்கள்.

இங்கே ஓ ஒன்றுதான் உயிர். மற்ற மூன்றும் மெய். ஓ எங்கே உட்காருகிறது என்பதை வைத்து 24 வரிசையையும் நாலு கூறாகப் பிரித்துப் பாருங்கள். ஓ முதலில் நிற்கும் ஆறு வரிசையில் ஒன்று மட்டும் சொல்: ஆப்ட்ஸ். ஓ இரண்டாவதாக நிற்கும் ஆறில் மூன்று: போஸ்ட், பாட்ஸ், டாப்ஸ். மூன்றாவதாக நிற்கும் ஆறில் இரண்டு: ஸ்டாப், ஸ்பாட். ஓ கடைசியில் நின்றால் முன்னால் மூன்று மெய்யும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். வாயால் சொல்லவே முடியாது, ஒரு சொல்லும் கிடையாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எஸ்-டி, எஸ்-பி என்று தொடங்க ஆங்கிலம் இடம் கொடுக்கிறது. டி-எஸ், பி-டி, டி-பி என்று தொடங்கினால் அதற்கு நாக்கு வளைவதில்லை. தமிழ் இன்னும் கறார். சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து நிற்கவே கூடாது, ‘ட’வும் முதலில் வரக் கூடாது. அதனால்தான் எங்கள் அப்பத்தா கடைசிவரை ‘இஸ்டாப்பு’ என்றுதான் சொன்னார்கள். தொல்காப்பியர் சொன்ன இலக்கணத்தை அவர்களுடைய நாக்கு காப்பாற்றியது என்றே நான் பிள்ளைகளிடம் சொல்வேன். முன்னால் ஓர் ‘இ’ போட்டுச் சொல்லும் பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரிக்கும்போது இந்த விளக்கம் மிக முக்கியம். அந்தப் பிள்ளை தப்புச் செய்யவில்லை. தன் மொழியின் விதியை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகிறது. இரண்டு மொழிக்கும் விதி வேறு என்று தெரிந்ததும் தானாகவே சரியாகிவிடும்.

தமிழில் இதே விளையாட்டை ஆடினால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். ஆடிப் பார்த்துவிடுவோம். ‘பலகாரம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ப, ல, கா, ர, ம் என்று ஐந்து துண்டு. இதிலிருந்து பலம், காரம், காலம், பரம், பல ஆகியவை கிடைக்கும். இன்னும் கொஞ்சம் தேடலாம், ஆனால் சீக்கிரமே கை ஓய்ந்துவிடும். ஏன்? தமிழ் எழுத்து தன் உயிரைத் தன்னோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘கா’ என்ற துண்டுக்குள் க் என்ற மெய்யும் ஆ என்ற உயிரும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. அந்த ஆ-வைக் கழற்றி ப-வுக்குக் கொடுக்க முடியாது. இப்போது எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள்: ப், அ, ல், அ, க், ஆ, ர், அ, ம். ஒன்பது துண்டு ஆயிற்று. உடனே பால், கால், பகல், கலம், ரகம், பாரம் என்று வந்து கொட்டும். ஆங்கிலம் எப்போதுமே இப்படிப் பிரித்து வைத்த நிலையில்தான் இருக்கிறது. உயிர் தனியாகக் கிடக்கும், மெய் தனியாகக் கிடக்கும். நமக்கு 247 எழுத்து, அவர்களுக்கு 26 தான். துண்டு குறைவாகவும் தனித்தனியாகவும் இருப்பதால் கலைத்து அடுக்குவது அங்கே எளிது. ஆனால் எந்த உயிர் எந்த மெய்யோடு சேர்கிறது என்பதை எழுத்து காட்டாது, அது நிற்கும் இடம்தான் காட்ட வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கில ஸ்பெல்லிங் கடினமாக இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. பிள்ளைக்கு மூளை போதவில்லை என்று நினைத்துக்கொள்ளும் பெற்றோரிடம் இந்தப் பலகாரக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

எழுத்தைக் கலைத்து ஆடுவது நமக்குப் புதிது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். சித்திரகவி என்று தமிழில் ஒரு தனி வகையே உண்டு. சொல்லில் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வேறு வேறு பொருள் தரச் செய்வது எழுத்து வருத்தனம். எழுத்தைக் குறைத்துக் குறைத்துப் பொருள் மாற்றுவது அக்கரச் சுதகம். பின்னாலிருந்து படித்தாலும் மாறாமல் வருவது மாலைமாற்று. சம்பந்தர் சீகாழி மீது ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகப் பாடியிருக்கிறார்.

அக்கரச் சுதகத்தை ஆங்கிலத்தில் ஆட எனக்கு ஓர் அருமையான சொல் கிடைத்தது, அதுவும் எங்கள் தரையிலிருந்தே. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை தெரியும்தானே? கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் வைத்துச் செய்கிற பூக்கல். ஒரே அச்சுக் கல்லையே திசை மாற்றிப் பதித்தால் தரையில் வேறு கோலம் வரும். அந்தக் கற்களுக்கு ஆங்கிலத்தில் டைல்ஸ்: டி-ஐ-எல்-ஈ-எஸ். ஐந்து எழுத்தும் வேறு வேறு. ஐந்தையும் வைத்து இன்னும் இரண்டு சொல் உண்டு. எஸ்-டி-ஐ-எல்-ஈ என்பது வேலியைத் தாண்ட வைக்கும் படி. ஐ-எஸ்-எல்-ஈ-டி என்பது குட்டித் தீவு, அதில் எஸ் ஒலிக்காது, ஐலெட் என்று சொல்ல வேண்டும்.

இப்போது ஒரு நேரத்தில் ஓர் எழுத்தை மட்டும் எடுத்துவிடுவோம்.

டி-யை எடுத்தால் எல்-ஐ-ஈ-எஸ், லைஸ், பொய்கள். அதையே ஐ-எஸ்-எல்-ஈ என்று வைத்தால் ஐல், தீவு.

ஐ-யை எடுத்தால் எல்-ஈ-டி-எஸ், லெட்ஸ், ‘விடுகிறான்’. எல்-ஈ-எஸ்-டி, லெஸ்ட், ‘அப்படி ஆகிவிடக் கூடாதே’ என்று சொல்ல உதவும் பழைய சொல்.

எல்-லை எடுத்தால் டி-ஐ-ஈ-எஸ், டைஸ், ‘கட்டுகிறான்’. எஸ்-ஐ-டி-ஈ, சைட். வீடு கட்டும் மனையைச் சொல்வோமே, அந்தச் சைட்.

ஈ-யை எடுத்தால் மூன்று: எல்-ஐ-எஸ்-டி லிஸ்ட், எஸ்-எல்-ஐ-டி ஸ்லிட் (கீறல்), எஸ்-ஐ-எல்-டி சில்ட். இந்தக் கடைசிச் சொல்லுக்குப் பொருள் வண்டல். கண்மாயில் வண்டல் அள்ளி வயலுக்கு அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும்.

எஸ்-ஸை எடுத்தால் டி-ஐ-எல்-ஈ, டைல், ஒற்றைக் கல்.

எந்த எழுத்தை உருவினாலும் மிச்சம் நாலும் சொல்லாக எழுந்து நிற்கின்றன. இப்படி அமையும் ஐந்தெழுத்து கிடைத்தால் விடாதீர்கள். மூன்றெழுத்துக்கு இறங்கினால் சிட், லிட், செட், லெட், டை, லை. சிட்டுக்கு எஸ்-ஐ-டி. அதன் கடைசியில் ஈ ஒட்டினால் சைட். தேக்கில் பார்த்த அதே ஊமை ஈ இங்கேயும் வந்துவிட்டது, இந்த முறை ஐ-யைத் தன் பெயர் சொல்ல வைக்கிறது.

பிள்ளைகள் இங்கே வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று. டைல்ஸ் எழுத்துகளில் ‘டெஸ்ட்’ இருக்கிறது என்பார்கள், ‘ஸ்டில்’ இருக்கிறது என்பார்கள். டெஸ்ட்டுக்கு இரண்டு டி வேண்டும், ஸ்டில்லுக்கு இரண்டு எல் வேண்டும். கொட்டானில் ஒவ்வொன்றுதான் உண்டு. வாயால் சொல்லச் சொன்னால் தவறு தெரியாது. துண்டை வைக்கச் சொன்னால் கை காலியாக நிற்கும், தானே புரிந்துகொள்வார்கள். ஓர் எழுத்து இரண்டு முறை வந்தால் கணக்கும் குறையும். நண்பகலுக்கு நூன்: என்-ஓ-ஓ-என். நாலெழுத்துதான், ஆனால் இரண்டு ஓ-க்களையும் தங்களுக்குள் மாற்றினால் புதிதாக ஒன்றும் வராது, என்-னும் அப்படியே. அதனால் 24 வரிசை 6 ஆகச் சுருங்கிவிடும்.

இரண்டு சொற்கள் ஒரே எழுத்துகளால் ஆனவையா என்று எப்படி உறுதிசெய்வது? சின்னச் சொல்லுக்குக் கண் போதும், பெரிய சொல்லுக்குப் போதாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது, கம்ப்யூட்டரிலும் அதையே பயன்படுத்துகிறார்கள். சொல்லின் எழுத்துகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்குங்கள். ஸ்டாப்பை அடுக்கினால் ஓ-பி-எஸ்-டி. போஸ்ட்டை அடுக்கினாலும் ஓ-பி-எஸ்-டி. ஸ்பாட், டாப்ஸ், பாட்ஸ், ஆப்ட்ஸ் எதை அடுக்கினாலும் அதுவே வரும். டீக்குக்கும் டேக்குக்கும் ஏ-ஈ-கே-டி. இந்த அடுக்குதான் அந்தச் சொற்களுக்கெல்லாம் பொதுவான விலாசம். அகராதியில் உள்ள எல்லாச் சொல்லுக்கும் இப்படி விலாசம் எழுதி, ஒரே விலாசக்காரர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அனகிராம் குடும்பங்கள் எல்லாம் தானே பிரிந்து வந்துவிடும். 24 விதமாகக் கலைத்துப் பார்க்கும் வேலையே இல்லை. முதலில் சொன்ன விலாசத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அது வரிசை மாறினால் ஆள் மாறும் என்று காட்டும், இது வரிசையை மறந்துவிட்டுக் குடும்பத்தை மட்டும் காட்டும். இரண்டையும் ஒரு பிள்ளை பிரித்துப் புரிந்துகொண்டால் இந்தப் பாடம் முழுக்க அதன் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் செய்யும் ஆட்டமாகக் கடையில் விற்கும் ஸ்கிராபிளும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930-களில் உருவாக்கியது, 1948-இல் இந்தப் பெயர் வந்தது. செய்தித்தாள்களில் எந்த எழுத்து எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்த்து அவர் வில்லைகளைப் பங்கிட்டார். மொத்தம் 100 வில்லை, அதில் 2 வெற்று. ஈ மட்டும் 12, ஏ 9, ஐ 9, டி 6. அருமையாக வரும் கியூ-வும் இசட்-டும் ஒவ்வொன்றுதான், அவற்றுக்கு 10 புள்ளி. அட்டையில் செய்துகொள்பவர்கள் இந்தப் பங்கீட்டைப் பின்பற்றினால் கைக்கு நல்ல எழுத்துகள் வரும். உயிரெழுத்தைக் குறைத்துவிட்டால் பிள்ளைகள் சொல் கிடைக்காமல் சோர்ந்துவிடுவார்கள்.

எஸ் வில்லை நாலே நாலுதான். அதற்குக் காரணத்தை என் அண்ணன் மகள் கண்டுபிடித்தாள். போன மே மாத லீவில் வளவில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தபோது, “அயித்தை, எஸ் கையில இருந்தா எதோட பின்னாடியும் ஒட்டிடலாம்” என்றாள். பாட் பாட்ஸ் ஆகும், டாப் டாப்ஸ் ஆகும், டைல் டைல்ஸ் ஆகும். பன்மைக்கும் எஸ், ‘அவன் செய்கிறான்’ என்பதற்கும் எஸ். ஆட்டம் ரொம்ப எளிதாகிவிடக் கூடாது என்றுதான் அதைக் குறைத்து வைத்தார்கள். இலக்கணப் புத்தகத்தைத் திறக்காமலே அவள் அங்கே வந்து சேர்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கொட்டானிலிருந்து எஸ்-ஈ-ஏ-டி என்ற நாலு துண்டை அவளுக்குக் கொடுத்தேன். முதலில் சீட் என்று வைத்தாள், உட்காரும் சீட். எஸ்-ஸைத் தூக்கிக் கடைசியில் போட்டு ஈட்ஸ் என்று மாற்றினாள். பிறகு வெகுநேரம் ஒன்றும் நகரவில்லை. ஈ-யும் ஏ-யும் ஒட்டியே இருக்கட்டும், எஸ்-ஸை மட்டும் நகர்த்து என்றேன். ஈ-ஏ-எஸ்-டி என்று வந்ததும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஈஸ்ட், கிழக்கு. எங்கள் வீட்டு முகப்பு கிழக்குப் பார்த்தது. நாலு துண்டையும் உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு எழுந்து போனவள், வாசல் நிலைக்கு நேரே, பூக்கல் தரையில், அதே வரிசையில் அவற்றை வைத்துவிட்டு வந்தாள்.